விழுந்த பூவுக்கு ஒரே சாட்சி

செம்பூர்,
வியாழக்கிழமை.

என் நமஸ்காரத்துக்குரிய அத்திம்பேர் அவர்களுக்கு, வெங்கடராமன் எழுதிக்கொண்டது.

இவ்விடத்தில் எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் கொஞ்ச நாட்களாக எதையும் அவ்வளவு உறுதியாக எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. ஆகவே திருத்தி எழுதுகிறேன். ஷ்யாமளா தான் சௌக்கியமாக இருப்பதாகச் சொல்கிறாள். நானும் சௌக்கியமாக இருப்பதாக அவளேதான் சொல்கிறாள். நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

செம்பூருக்கும் முலுண்டுக்கும் நடுவில் இத்தனை போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசினால் நான் "சரி அத்திம்பேர்" என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அப்படித்தான் நடந்து வருகிறது. போன வாரம்கூட, நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று எனக்குப் புரிவதற்கு முன்பே "சரி" சொல்லிவிட்டேன். அது என்னவென்று நேற்று உங்கள் முலுண்டு பஜனை சமாஜத்து வாட்ஸ்அப் அறிவிப்பைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. "ஞாயிறு மாலை, பஜனைக்குப் பின், 'அம்பாள் பேசினாள்': கண்ணால் கண்ட சாட்சியின் அனுபவ உரை. உரையாற்றுபவர், ஓய்வுபெற்ற நீதிபதி வெங்கடராமன் அவர்கள்." பக்கத்தில் என் படம். உங்கள் பெண் கல்யாணத்தில் நான் ஜாங்கிரித் தட்டோடு நின்ற படம் அது. தட்டை வெட்டி எடுத்துவிட்டு, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வைத்திருக்கிறார்கள். தட்டு போனதால் கைகள் இரண்டும் எதையோ ஆசீர்வதிக்கிற தோரணையில் இருக்கின்றன.

அத்திம்பேர், நான் நீதிபதி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் பிரிவில் உட்கார்ந்து, தீப்பிடித்தது, திருடு போனது, லாரி மோதியது என்று மற்றவர்கள் சொல்லும் சாட்சிகளைப் படித்துப் படித்து ரிட்டயர் ஆனவன். என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். தயவுசெய்து என் பெயரை ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கட்டடத்தில் முதல் மாடியில் இருக்கும் இசக்கிப்பாண்டியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நவராத்திரிக்கு நீங்கள் வந்தபோது லிஃப்ட் பாதியில் நின்றுபோய், உங்களை இடுப்பைப் பிடித்து அலாக்காகத் தூக்கி வெளியே நிறுத்தினாரே, அவரேதான். திருநெல்வேலிச் சீமைக்காரர். தாராவியில் தகரம் வெட்டும் பட்டறை வைத்திருக்கிறார். நாள் முழுவதும் கத்திகளுக்கும் பற்சக்கரங்களுக்கும் நடுவில் பாட்டுப் பாடிக்கொண்டு நிற்கிற மனிதர். ஆனால் டாக்டர் ஊசி என்று சொன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அவருக்குப் பித்தப்பையில் கல். சயானில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, பையை எடுத்துவிட வேண்டும், நாள் கடத்தினால் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்து என்று சொல்லியிருக்கிறார். அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னார்கள். நான் படித்தேன். இந்த விவகாரத்துக்குள் என் கால் நுழைந்தது அப்போதுதான்.

"ஸார், நல்லாப் பாத்துச் சொல்லுங்க. வெட்டணும்னா போட்டிருக்கு?"

"எடுத்துடறது நல்லதுன்னு போட்டிருக்கு."

"நல்லதுன்னுதான போட்டிருக்கு? கட்டாயம்னு இல்லேல்லா?"

அவர் மனைவி மாரீஸ்வரி கதவருகில் நின்றுகொண்டு, "நல்லது பண்ணுததுக்குக் கட்டாயம்னு வேற தனியா எழுதணுமாக்கும்" என்றாள்.

"நீ சும்மா கெட. இதுல டாக்டரும் நாமளும் முடிவு பண்ணப்பிடாது. அம்மாட்ட பூ கேட்டுருவோம். ஸாரும் கூட வரணும். ரிப்போர்ட்டப் படிச்சது அவரு; பாதில விட்டுட்டுப் போகப்பிடாது."

பூ கேட்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவருடைய பட்டறைச் சந்தின் முனையில் ஒரு இசக்கியம்மன் கோயில் இருக்கிறது. கோயில் என்றால் நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் சந்தில் நிற்க வேண்டிய அளவு. அம்மன் தலையில் நனைத்த பூ ஒன்றை ஒட்டிவைத்துவிட்டு, கேள்வியை மனத்துக்குள் சொல்லிக்கொண்டு எல்லோரும் காத்திருப்பார்கள். பூ வலப்பக்கம் விழுந்தால் அம்மன் சம்மதம் கொடுத்துவிட்டாள், இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம் என்கிறாள். இசக்கிப்பாண்டி அம்மனுக்கு நேர் எதிரே, மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்றார். பக்கத்தில் மாரீஸ்வரி, பின்னால் சந்துப் பெண்கள் சிலர், ஒரு ஓரமாகப் பூசாரி, அவருக்குக் காற்று வர ஒரு மேஜைக் காற்றாடி. எல்லோரும் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் மட்டும் மூடவில்லை. பக்திக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நின்றுகொண்டு கண்ணை மூடினால் எனக்குத் தலை சுற்றும். நானே ஏதாவது ஒரு பக்கமாக விழுந்து, அதையும் ஓர் உத்தரவாக எடுத்துக்கொண்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு. ஆக, அத்தனை பக்தர்களுக்கு நடுவில் கண் திறந்திருந்தது நான் ஒருவன்தான். அந்தத் திறந்த கண்ணும் அந்த நேரத்தில் அம்மனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தகரக் கூரையின் விளிம்பில் நேராக என் தலைக்கு மேலே ஒரு புறா வந்து உட்கார்ந்திருந்தது. நான் போட்டிருந்ததோ சலவைச் சட்டை. நான் புறாவைப் பார்த்தேன். மறுபடி கீழே பார்த்தபோது அம்மன் தலையில் பூ இல்லை.

பெண்கள் குலவையிட்டார்கள். இசக்கிப்பாண்டி திரும்பி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஸார்! நீங்கதான் கண்ணத் தொறந்துக்கிட்டு இருந்தீக. எந்தப் பக்கம் விழுந்துச்சு? சொல்லுங்க!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் குனிந்து பார்த்தேன். "இடது பக்கம் கிடக்கற மாதிரி தெரியறது" என்றேன். கவனியுங்கள் அத்திம்பேர், கிடக்கிறது என்றேன், விழுந்தது என்று சொல்லவில்லை. மாதிரி என்றும் சொன்னேன். 'இடது பக்கம்' என்ற இரண்டு சொற்களுக்குப் பிறகு நான் சொன்ன அத்தனையும் குலவையில் போய்விட்டது.

"எடது! அம்மா வேண்டாம்னுட்டா! ஏக்தம் பக்கா!" என்று இசக்கிப்பாண்டி என் கைகளை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். மாரீஸ்வரி மட்டும் குலவையிடவில்லை. அவள் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்து ஷ்யாமளாவிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவளும் மேல்வீட்டுச் சாதனாவிடம் நான் சொன்னதை அப்படியே சொன்னதாகச் சத்தியம் செய்கிறாள். சாதனா யாரிடம் சொன்னாளோ, மறுநாள் வாட்ச்மேன் எனக்கு எழுந்து நின்று கும்பிட்டான். பூ கீழே விழுவதற்கு முன் ஒரு முழம் மேலே எழும்பியதாமே, நீங்கள் பார்த்தீர்களாமே என்று ஹிந்தியில் கேட்டான். இல்லையப்பா என்று ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் அவ்வளவு நுணுக்கமாக மறுக்க முடியவில்லை. அதற்கடுத்த வாரம் குர்லாவில் ரயில் மாறி, விக்ரோலியில் ஒரு சஷ்டியப்தபூர்த்திக்குப் போனேன். பந்தியில் எனக்குப் பக்கத்து இலைக்காரர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே என் பக்கம் சாய்ந்தார்.

"விஷயம் தெரியுமோ? தாராவியில அம்பாள் வாயைத் திறந்து பேசியிருக்கா."

"அப்படியா?" என்றேன்.

"ஒரு ரிட்டயர்ட் ஜட்ஜ் நேர்ல பார்த்திருக்கார். ஆறடி ஆள். ஆயுசுல ஒரு பொய் சொன்னதில்லை."

"அவர் ஜட்ஜ் இல்லைன்னு நினைக்கறேன்."

"உங்களுக்கு அவரைத் தெரியுமோ?"

"ஓரளவு தெரியும்."

"எனக்கு ரொம்ப நன்னாத் தெரியும். 'வேண்டாம்டா, வேண்டாம்டா'ன்னு அம்பாள் சொன்னாளாம். வீணை மீட்டினாப்பல இருந்துதாம் குரல்."

"ஏதோ பூ விழுந்ததுன்னு இல்லையோ நான் கேள்விப்பட்டேன்?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பூவாவது புஷ்பமாவது! எவனோ நாஸ்திகன் கிளப்பிவிட்டிருப்பான். நீங்க அங்க இருந்தேளா?"

"இருந்தேன்னுதான் நினைக்கறேன்."

"நினைக்கறேளா!" என்று சொல்லிவிட்டு, ரசம் கொண்டுவருகிறவரைக் கூப்பிடத் திரும்பிக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. அந்த மனிதர் அவ்வளவு நிச்சயமாக இருந்தார். நானோ இவ்வளவு சந்தேகத்தோடு இருந்தேன். எங்கள் இருவரில் ஒருவர்தான் கோயிலில் இருந்தவர் என்று யாரிடமாவது சொன்னால், அது அவர்தான் என்று தயங்காமல் கை காட்டுவார்கள். ஒருவேளை புறாவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அம்பாள் நிஜமாகவே பேசி, எனக்குத்தான் காது கேட்கவில்லையோ என்றுகூட நினைத்துப் பார்த்தேன். அவர் உங்கள் சமாஜத்தில் மிருதங்கம் வாசிக்கிறவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நீதிபதி வேறு யாருமில்லை, உங்கள் மைத்துனன்தான் என்று நீங்களே அவரிடம் சொன்னீர்களாம். அதற்குப் பிறகாவது நீதிபதியை எடுத்துவிட்டிருக்கலாம். நீங்கள் நீதிபதியை வைத்துக்கொண்டு அதோடு என்னைச் சேர்த்துவிட்டீர்கள்.

இதெல்லாம் வெறும் தமாஷாகப் போயிருந்தால் நான் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். ஆனால் பித்தப்பைக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாதே. ஒரு மாலை காய்கறிப் பையோடு ஏறி வந்தபோது, இசக்கிப்பாண்டி மாடிப்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்க வியர்வை. "ஒண்ணுமில்ல ஸார், வாயு" என்று சிரிக்கப் பார்த்தார். மறுநாள் மாரீஸ்வரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஸார், நா உங்கள ஒண்ணும் சொல்லல. பாத்ததத்தான சொன்னீக. ஆனா அவுகளுக்குக் கண்ணு மஞ்சளாயிட்டு வருது. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா, 'ஸாரு கண்ணால பாத்துச் சொல்லிட்டாரு, அம்மா பாத்துக்கிடுவா'ங்காக. அம்மா பாத்துக்கிடுவா, யாரு இல்லன்னா? இவுக போய்ச் சேந்துட்டா அம்மாவா எங்கூட இருந்து பட்டறையத் தொறப்பா?"

ஒரு மனிதன் உயிர் என் வாயிலிருந்து வந்த, அதுவும் பாதி வந்த, ஒரு வாக்கியத்தில் தொங்குகிறது. உடனே செருப்பை மாட்டிக்கொண்டு முதல் மாடிக்கு இறங்கினேன். வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுவதற்கு எங்கள் ஆபீஸில் ஒரு முறை உண்டு. அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். பூ விழுவதை நான் பார்க்கவேயில்லை, புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

"பொறாவா! அந்த நேரத்துல பொறா எங்கேர்ந்து ஸார் வந்துச்சு? அதயும் அம்மாதான் அனுப்பிருக்கா."

காற்றாடி ஓடிக்கொண்டிருந்ததே, அது தள்ளியிருக்கலாமே என்றேன்.

"காத்து யாரு ஸார்? அம்மா இல்லாம காத்து வீசுமா?"

கடைசியாக என் தொழில் சந்தேகத்தையும் எடுத்து வைத்தேன். கார் மோதிய கேஸ்களில் இடப்பக்கம் என்று சாட்சி எழுதினால், காருக்கு இடமா, பார்த்தவருக்கு இடமா என்று கேட்காமல் ஃபைலை நகர்த்த மாட்டோம். நான் இடது என்று சொன்னது என் இடது. எதிரே நிற்கும் அம்மனுக்கு அது வலது அல்லவா?

அவர் என்னை மிகுந்த பரிவோடு பார்த்தார். "உங்க எடதயும் சேத்து எங்கம்மைக்குத் தெரியும் ஸார். யார்ட்ட கேக்கப் போறோம்னு தெரிஞ்சுதான் அந்தப் பக்கமா விழவச்சிருக்கா. நீங்க இவ்வளவு பயப்படுதீகள்லா, அதான் அடையாளம். பொய் சொல்லுதவன் இப்பிடிப் பயப்படவே மாட்டான்."

பார்த்தீர்களா? சந்தேகம் என்று சொன்ன ஒவ்வொன்றும் எனக்கே நற்சான்றாகத் திரும்பி வந்தது. நான் மேலே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ஷ்யாமளா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உண்மையைச் சொன்னேளா?"

"சொன்னேன்."

"நம்பலையாக்கும்?"

"நம்பலை."

"அப்ப ஒரு பொய்யைச் சொல்லுங்கோ. சொப்பனத்துல அம்பாள் வந்து போகச் சொன்னான்னு சொல்லுங்கோ."

"அபசாரம் இல்லையோ?"

"அம்பாள் கோவிச்சுண்டா நான் பேசிக்கறேன். நீங்க கீழே போங்கோ."

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் ஊரார் பொய்யைப் படித்துப் படித்து அதன் லட்சணம் தெரியும். நிஜமாகவே பறிகொடுத்தவனுக்குப் பாதி மறந்திருக்கும். பொய்க்காரன்தான் பீரோவின் நிறம் வரை சொல்வான். ஆகவே என் சொப்பனத்தைச் சின்னதாகக் கட்டினேன். அம்மன் வந்தாள், "அந்தப் பூ என் உத்தரவு இல்லை, அவனை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு" என்றாள், போனாள். மறுநாள் காலை குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். "சத்தமே வரலையே, அம்பாள் என்ன முணுமுணுக்கவா வந்தா?" என்று ஷ்யாமளா வெளியிலிருந்து குரல் கொடுத்தாள். பிறகு எனக்குத் துணையாகத் தானும் கீழே வந்தாள்.

சொல்லி முடித்தேன். திக்காமல் சொன்னேன் என்பதை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. இசக்கிப்பாண்டி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அம்மா என்ன சேலைல வந்தா ஸார்?"

இதற்கு நான் தயாராக இல்லை. "கவனிக்கலை" என்றேன்.

"அம்மா முன்னால வந்து நிக்கா, சேலையக் கவனிக்கலயா?"

"பச்சைன்னு ஞாபகம்."

"ம். பச்சதான் உடுத்துவா. கையில என்ன வச்சிருந்தா? சூலமா, கைப்பிள்ளையா?"

நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். வாயில் சூலம் என்ற சொல் வந்து நின்றது. ஆனால் கண் மேஜை மேல் இருந்ததைப் பார்த்துவிட்டது. "ஃபிளாஸ்க்" என்றேன்.

அடுப்படியில் மாரீஸ்வரியின் கரண்டி நின்றது. ஷ்யாமளா என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தாள். எல்லாம் போயிற்று, ஒரு மனிதனை ஒரு ஃபிளாஸ்க்கால் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

"ஃபிளாஸ்க்கா?" என்றார் இசக்கிப்பாண்டி மெதுவாக.

"அந்த மாதிரி ஏதோ…"

அவர் கண்கள் நிறைந்துவிட்டன. "ஏட்டி மாரீஸ்வரி, கேட்டியா? ஆஸ்பத்திரில ஆளு கூட இருக்கதுக்கு வாரவங்கதானட்டி ஃபிளாஸ்க்கத் தூக்கிட்டு வருவாக! எங்கம்மா சூலத்த எறக்கி வச்சிட்டு எனக்குக் காப்பி வாங்கித் தர ஃபிளாஸ்க்கோட வந்து நிக்காட்டி! சூலம்னு சொல்லிருந்தா நா நம்பிருக்கவே மாட்டேன். இத மனுசன் யோசிச்சுச் சொல்ல முடியுமா?"

மறுநாளே சயானுக்குப் போனார். டாக்டர் பையை எடுத்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வெடித்திருக்கும் என்றாராம். மாரீஸ்வரி போனில் அழுதுகொண்டே சிரித்தாள். இப்போது அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். பத்தியச் சோற்றைத் திட்டுகிற சத்தம் மூன்றாவது மாடிவரை கேட்கிறது. வாட்ச்மேன் இப்போது எனக்குக் கும்பிடு போடுவதோடு நிற்காமல் என் பையையும் வாங்கித் தூக்கிக்கொண்டு வருகிறான்.

இனி நீங்களே யோசியுங்கள் அத்திம்பேர். நீங்கள் பிரவசனத்தில் அடிக்கடி சொல்வீர்கள், ஆப்தன் சொன்ன வாக்கியம் பிரமாணம் என்று. ஆப்தன் என்றால் விஷயம் தெரிந்தவனாகவும் இருக்க வேண்டும், ஏமாற்ற எண்ணமில்லாதவனாகவும் இருக்க வேண்டும் என்று நீங்கள்தான் எனக்கு விளக்கினீர்கள். கோயிலில் நான் யாரையும் ஏமாற்றவில்லை, ஆனால் எனக்கு விஷயம் தெரியாது. கட்டிலருகில் எனக்கு விஷயம் தெரியும், ஆனால் ஏமாற்றினேன். இரண்டு தடவையும் ஊர் என்னை ஆப்தன் என்றது. என் ஒருவன் விஷயத்தில், சில வாரங்களில், செம்பூருக்கும் முலுண்டுக்கும் இடையில் இவ்வளவு நடக்குமென்றால், மற்ற இடங்களில் மற்ற காலங்களில் தெய்வம் பேசியதாகச் சொன்னவர்களுக்குப் பக்கத்தில் எத்தனை புறா, எத்தனை காற்றாடி, எத்தனை மிருதங்கக்காரர்கள் இருந்திருப்பார்களோ என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. அம்பாள் பேசமாட்டாள் என்று சொல்ல நான் யார்? அவள் பேசினாள் என்று மைக்கில் சொல்வதற்கும் நான் யார்? இந்த மாதிரி ஒரு கிளெய்ம் என் மேஜைக்கு வந்திருந்தால், சாட்சி நம்பத்தக்கவரல்ல என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஆகவே என் பெயரை எடுத்துவிடுங்கள். ஒளிவட்டத்தை வேறு யாருக்காவது மாட்டிவிடலாம். நன்றாகவே செய்திருக்கிறார்கள், வீணாக வேண்டாம். அக்காவுக்கு என் நமஸ்காரம். அவள் முழங்கால் வலி தேவலை என்று அவளே சொன்னால் நம்பாதீர்கள், நேரில் நடக்கவிட்டுப் பாருங்கள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இருவருடைய ஆசீர்வாதங்கள். உங்கள் பாதங்களை மனத்தால் தொட்டுக்கொண்டு முடிக்கிறேன்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
வெங்கடராமன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டிக்கொண்டு தபாலில் போடக் கீழே இறங்கியவனை இசக்கிப்பாண்டி உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தினார். அதனால் உறையைப் பிரித்து எழுதுகிறேன்.

"ஸார், தையல் பிரிச்சாச்சு. இனிமே மறைக்கப்பிடாது. அன்னைக்கு அந்தப் பூ தன்னால விழல."

"காற்றாடியா?"

"நா ஊதிவிட்டேன்."

கையிலிருந்த உறையைச் சட்டைப்பையில் வைத்தேன்.

"எல்லாரும் கண்ண மூடிட்டாக. நீங்க மேல பாத்துட்டிருந்தீக. பூ என்னடான்னா வலப்பக்கமாச் சாயுத மாதிரி இருந்துச்சு. கத்தின்னா எனக்கு ஈரக்கொல நடுங்கும் ஸார். உஃப்னு ஒரே ஊது."

எனக்குக் கோபம் வந்தது, அத்திம்பேர். எனக்கு! "அப்படின்னா என் சொப்பனத்தை மட்டும் எதுக்கு நம்பினேள்?" என்று கேட்டேன்.

"யாரு நம்புனா? காது ரெண்டும் செக்கச்செவேல்னு செவந்துபோய் நின்னீக. பொய்னு மொத வார்த்தயிலயே தெரிஞ்சுபோச்சு."

"பின்னே ஏன் அழுதேள்? ஏன் ஆஸ்பத்திரிக்குப் போனேள்?"

"அழாம என்ன செய்ய? நா அம்மா பேரச் சொல்லிக் களவாணித்தனம் பண்ணிட்டேன். அவ என்ன அடிச்சாளா, மிதிச்சாளா? இந்தக் கட்டடத்துலயே பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆளப் பிடிச்சு, மாடியெறக்கிக் கொண்டாந்து, எம் முன்னால நிறுத்திப் பொய் சொல்லவச்சா. பூவ நா ஊதிரலாம் ஸார். உங்கள ஊத மனுசனால ஆகுமா?"

"என்னைச் சொல்லச் சொன்னது ஷ்யாமளா."

"யார விட்டுச் சொன்னா நீங்க கேப்பீகன்னு அம்மாவுக்குத் தெரியாதாக்கும்?"

மேலே வந்து இதையும் ஒரு கிளெய்மாக எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஆபீஸில் ஒரு விதி உண்டு. இரண்டு விதமாகக் கதை வந்தால், எதில் ஆச்சரியம் குறைவோ அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். இசக்கிப்பாண்டி பயத்தில் பூவை ஊதினார் என்பதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் வெங்கடராமன் பட்டப்பகலில், ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்து, திக்காமல் திணறாமல் பொய் சொன்னான் என்று யாராவது உங்களிடம் வந்து சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? என் அக்காவைக் கேட்டுப் பாருங்கள். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டாள். அம்பாள் என் வாயில் புகுந்து பேசினாள் என்பது அதைவிடச் சின்ன ஆச்சரியம்தான். அந்த ஃபைலைத் திருப்பி அனுப்ப எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை.

ஆகவே மேலே எழுதியதைத் தள்ளிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். மிருதங்கக்காரரை எனக்கு முன்னால் பேசவிடுங்கள். அன்று கோயிலில் நான் என்ன பார்த்தேன் என்று ஒரு தடவை முழுசாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு மேடை ஏறுகிறேன்.